தண்ணிக்கு ரெண்டு

பலகையில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்றிருக்கிறது.
அக்கரப்பத்தனையில் ஒருத்தரும் அப்படிச் சொல்வதில்லை.
பிள்ளைக் காம்பரா. அவ்வளவுதான்.

இன்றைக்கு நிறங்கள்.
சிவப்பு, மஞ்சள், நீலம் என்று
ராத்திரி பத்து மணிவரை மட்டை வெட்டினேன்.
சன்சிகா திரும்பியும் பார்க்கவில்லை.
நாலரை வயது. வாசலில் குந்தி
சவுக்குக் குச்சியின் நடுவில்
சணல் கட்டிக்கொண்டிருந்தாள்.
இரண்டு முனைக்கும் சிரட்டை.

கட்டித் தரவா என்றேன்.
"வேணாம். எனக்குக் கை இருக்கு."

முடிச்சு அவிழ்ந்தது. மறுபடி அவிழ்ந்தது.
என் விரல்களை நானே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.
பயிற்சியில் சொன்னார்கள், பொறுத்திருங்கள் என்று.
எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை.

நாலாவது முடிச்சு நின்றது.
அதற்குள் பதினொரு பிள்ளைகள்
என் சிவப்பையும் நீலத்தையும் மிதித்துக்கொண்டு
வரிசையில் வந்துவிட்டார்கள்,
தலையில் துவாய், முதுகில் கற்பனைக் கூடை,
கையில்
விடியற்காலை மழை இன்னும் சொட்டுகிற இலைகள்.

ஒரு சிரட்டையில் இலை. மற்றதில் கூழாங்கல்.
"ஆறு" என்றாள்.
அவளுக்கு எண்ணத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.
பிறகு இரண்டு கல்லைப் பொறுக்கித்
தன் சட்டைப்பைக்குள் போட்டாள்.
"தண்ணிக்கு ரெண்டு கழிச்சாச்சு. நாலு. அடுத்த ஆள் வா."

கொழுந்து மடுவத்துக் குரல் அது.
நிமிர்ந்து பார்க்காத அந்த அவசரம்கூட அப்படியே.

லோகிதன் நகரவில்லை.
"தண்ணி ரெண்டு கல்லுன்னு யாரு சொன்னா?"
"தராசு."
"தராசு ஆறுன்னுதானே சொல்லிச்சு?"

எனக்குப் பதில் தெரியும்.
இந்த மலையில் எல்லாருக்கும் தெரியும்.
வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

கொஞ்சம் சண்டை. ஒரு கடி. ஒரு அழுகை.
இலையை வெயிலில் போடலாம் என்றது ஒரு பிள்ளை;
படங்கை விரித்ததும் முகில் இறங்கியது.
அப்போது அதுவரை வாயே திறக்காத
மூன்று வயது ருக்ஷி
என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.
ஒரு இலையைத் துடைத்தாள்.
புரட்டிப் போட்டு மறுபக்கமும்.

பிறகு எல்லாரும்.
சேலை போதாமல் நான் தரையில் உட்கார்ந்தேன்.
திரிபோஷா உருண்டை ஆறிப்போனது.
நரம்பு நரம்பாகத் துடைத்தார்கள்,
கைக்குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல.

மீண்டும் சிரட்டை. கல்.
ஆறு இல்லை.
நாலும் இல்லை.
ஐந்து வைத்தபோது குச்சி கொஞ்சம் சாய்ந்தே நின்றது.
காணோரம் ஓடிப்போய்
பல்லளவு ஒரு குட்டிக்கல் கொண்டுவந்தான் லோகிதன்.
நேரானது.

"அஞ்சும், ஒரு குட்டியும்."

ஒருவரும் கைதட்டவில்லை.
யாரோ தவளை என்றார்கள்,
எல்லாரும் பீலிக்கரைக்குப் போய்விட்டார்கள்.
தராசு என்னிடம் விடப்பட்டது.

படிவத்தில் இருபத்தாறு கட்டங்கள்.
நிறங்கள் ஐந்தின் பெயர் சொல்வார்: இல்லை.
வட்டத்தில் அமர்ந்திருப்பார்: இல்லை.
நியாயமாய் நிறுப்பார் என்று கேட்க
எந்தக் கட்டமும் கிடையாது.
ஓரத்தில் எழுதலாமென்று பேனாவை எடுத்தேன்.
நாளை மறுநாள் மேற்பார்வைக்கு வருகிறவர்
தோட்டத்துக் காரில்தான் வருவார்.
மூடி வைத்தேன்.

நாலரைக்குப் பத்மராணி வந்தாள்.
அடுத்த தையில் இவள் ஸ்கூலுக்குப் போகணும்,
"இன்னும் ஆனாகூட எழுத வரலியே டீச்சர்,
இன்னைக்கு என்னா படிச்சா?"

நான் தொடங்குவதற்குள்
சன்சிகா பைக்குள் கைவிட்டு
ஒரு கல்லை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.
கொழுந்துக் கறையில் கறுத்து வெடித்த உள்ளங்கை.
யோசித்து, குட்டிக்கல்லையும் பக்கத்தில் வைத்தாள்.
"இது ஒன்னோடது. மத்தது
தண்ணிக்கு வேணும்."

பத்மராணி கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.
"பசிக்குதா?" என்று பிள்ளையைக் கேட்டு
இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறிப் போனாள்,
கை விரியாமல்.

கதவைப் பூட்டும்போது
முந்தானை இன்னும் ஈரமாய்த்தான் இருந்தது.
எவ்வளவு ஈரம் என்று
இப்போது எனக்குத் தெரியும்.